கல்தெய்ராதா: வீட்டுக்கு வரும் பங்கு

ஐரோப்பாவின் மேற்கு ஓரத்தில், அட்லாண்டிக் சமுத்திரத்தை நோக்கி அமைந்துள்ள தேசம் போர்த்துகல். அத்தேசத்து மீனவக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாய்ச் சமைத்துவரும் மீன் போஜனத்திற்குக் 'கல்தெய்ராதா' என்று பெயர். கொப்பரையைக் குறிக்கும் 'கல்தெய்ரா' என்னும் சொல்லிலிருந்து பிறந்தது அது.

அங்குள்ள மீனவரிடையே இச்சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. பிடித்த மீனிலிருந்து, படகில் உழைத்த ஒவ்வொருவனும் தன் வீட்டாருக்கென்று எடுத்துச்செல்லும் பங்கையும் 'கல்தெய்ராதா' என்றே அழைக்கிறார்கள். கூலிப்பணம் கடனுக்கும் வாடகைக்கும் போய்விடக்கூடும். இந்தப் பங்கோ வீட்டு அடுப்பில் ஏறி, மனைவியும் பிள்ளைகளும் உண்ணும் ஆகாரமாகிறது.

அந்தப் பங்கு எளிதில் கிடைத்ததன்று. நசாரே என்னும் கடற்கரை ஊரில், 1980களில் துறைமுகம் அமையும்வரை, படகுகளை மணலிலிருந்தே பேரலைகளுக்குள் தள்ளவேண்டியிருந்தது. கரையில் காத்துநின்ற பெண்களின் கண்முன்பாகவே படகுகள் கவிழ்ந்து பலர் மாண்டதுண்டு. அத்தகைய கடலிலிருந்து திரும்பியவன் கையில் கொண்டுவந்த மீனை வீட்டார் எப்படி வரவேற்றிருப்பார்கள் என்பதைச் சிந்தித்துப் பாருங்கள்.

இதை நம் வீட்டிலும் சமைக்கலாம். ஐந்து பேருக்கு ஒரு கிலோ மீன் போதும். ஒரே வகை மீனாக இராமல், இரண்டு மூன்று வகைகள் சேர்வதே இதன் அழகு. போர்த்துகலில் திருக்கை, சுறா, விலாங்கு, மத்தி போன்றவற்றைச் சேர்க்கிறார்கள். நம் நகரத்துச் சந்தையில் கிடைக்கும் பாறை, வஞ்சிரம், மத்தி, கணவாய் ஆகியவையும் பொருந்தும். உருளைக்கிழங்கு அரைக் கிலோ, பெரிய வெங்காயம் மூன்று, தக்காளி நான்கு, குடமிளகாய் ஒன்று, பூண்டு ஐந்து பல், பிரிஞ்சி இலை, கொத்துமல்லித் தழை, ஒலிவ எண்ணெய் அரைக் கோப்பை, உப்பு ஆகியவற்றை ஆயத்தப்படுத்துங்கள்.

அடிகனமான அகன்ற பாத்திரத்தில் பாதி எண்ணெயை ஊற்றி, வட்டமாய் நறுக்கிய வெங்காயத்தையும் பூண்டையும் பரப்புங்கள். அதன்மேல் தக்காளி, குடமிளகாய், மெல்லிய உருளைக்கிழங்கு வில்லைகள், பின்பு கணவாயும் கெட்டியான மீனும் என்று அடுக்குங்கள். மறுபடியும் அதே வரிசை. ஒவ்வொரு அடுக்கிலும் சிறிது உப்பும் தழையும் தூவுங்கள். மென்மையான மத்தியை எல்லாவற்றுக்கும் மேலே, கடைசிப் பத்து நிமிடத்தில் வைத்தால் போதும்.

அத்தேசத்தார் இதில் வெள்ளைத் திராட்சமது ஒரு கோப்பை ஊற்றுவர். நாம் அதைத் தவிர்த்து, அரைக் கோப்பைத் தண்ணீரில் ஒரு எலுமிச்சம்பழச் சாற்றைக் கலந்து ஊற்றலாம். சுவைக்குக் குறைவிராது. தக்காளியும் வெங்காயமும் விடும் சாறே குழம்பாகிவிடும்.

மீதி எண்ணெயை மேலே ஊற்றி மூடி, சிறுதீயில் நாற்பது நிமிடம் வேகவிடுங்கள். கரண்டியை உள்ளே விடவே கூடாது. கிளறினால் மீன் உடையும், கிழங்கு குழையும். பாத்திரத்தின் இரு காதுகளையும் துணியால் பிடித்து அவ்வப்போது மெதுவாய்க் குலுக்குங்கள். கிழங்கு வெந்ததும் இறக்கி, பத்து நிமிடம் கழித்துத் திறவுங்கள். தடித்த ரொட்டித் துண்டின்மேல் பரிமாறுவது அவர்கள் வழக்கம். மீந்த சாற்றில் மறுநாள் மக்ரோனியை வேகவைத்து உண்பார்கள்.

பாத்திரத்தை அப்படியே மேசையின் நடுவில் வையுங்கள். 'மேசை' என்னும் சொல்லே போர்த்துகீசியர் வழியாய்த் தமிழுக்கு வந்ததுதான். நகர வாழ்க்கையில் தகப்பன் வருகையில் பிள்ளைகள் உறங்கிவிடுகிறார்கள். ஒவ்வொருவர் தட்டும் ஒவ்வொரு நேரத்தில் நிறைகிறது. சம்பளம் தவறாமல் வங்கிக்கு வந்துசேருகிறது. ஆனால் நம் உழைப்பிலிருந்து, நம் நேரத்திலிருந்து, நம் வீட்டாருக்கென்று நாம் கையில் எடுத்துவரும் பங்கு எது? வாரத்தில் ஒரு இரவாவது அந்தப் பங்கு அவர்களுக்குக் கிடைக்கட்டும்.