மலையேறிய நூலகர்

செயின்ட் லூயிஸ் மெர்க்கன்டைல் நூலகத்துக்கு 1890 முதல் பதின்மூன்று ஆண்டுகள் தலைமை நூலகராக இருந்தவர் ஹோரஸ் கெப்ஹார்ட். அமெரிக்க மேற்குப் பகுதியின் வரலாற்று நூல்களைத் தேடித் தேடிச் சேர்த்தவர். குடி முற்றியது, வேலை போனது, 1904-ல் மனமும் உடைந்தது. மனைவி லாராவையும் ஆறு பிள்ளைகளையும் பிரிந்து, வட கரோலினாவின் கிரேட் ஸ்மோக்கி மலைக்குப் போனார். வயது 42.

ஹேசல் கிரீக் என்ற ஓடைக்கு மேலே, கைவிடப்பட்ட செப்புச் சுரங்கத்தின் பழைய மரக்குடிலில் சுமார் மூன்று ஆண்டுகள் தனிவாசம்.

வேலைதான் போனதே தவிர, நூலகர் புத்தி போகவில்லை. அக்கம்பக்கத்து மலைவாசிகள் பேசும் விசித்திரச் சொற்கள், கரடி வேட்டை, வைத்தியம், சோளத்தில் சாராயம் காய்ச்சும் பக்குவம் என்று காதில் விழுந்ததையெல்லாம் தலைப்பு வாரியாகக் குறிப்பேடுகளில் ஏற்றினார். புத்தகங்களுக்குப் பதில் மனிதர்கள், அவ்வளவுதான் வித்தியாசம். அந்தக் குறிப்பேடுகள் இன்று மேற்கு கரோலினா பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன.

அவற்றிலிருந்து 1913-ல் பிறந்தது ‘நமது தெற்கு மலைவாசிகள்’ என்று பொருள்படும் நூல். இன்றும் படிக்கச் சுவையானது. ஆனால் கள்ளச்சாராயத்துக்கு அதில் ஒதுக்கிய இடம் கொஞ்சம் அதிகம். காய்ச்சாதவர்களும் அந்த மலையில் இருந்தார்களே!

கதை எழுதும் ஆசை கடைசியில்தான் கைகூடியது. ‘ஸ்மோக்கி மவுன்டன் மேஜிக்’ நாவலை 1929-ல் எழுதினார். களம், 1925-ன் கோடைகாலம். செரோக்கி பழங்குடியினரின் தொன்மங்களும் மலைவாசிகளின் பேச்சும் அதில் கலந்து வருகின்றன. அவர் காலத்தில் அது அச்சேறவில்லை. குடும்பத்தார் பாதுகாத்த கையெழுத்துப் பிரதி 2009-ல்தான் புத்தகமானது.

இதற்கிடையே மரக் கம்பெனிகள் காட்டை மொட்டையடித்துக்கொண்டிருந்தன. ஜப்பானில் பிறந்த புகைப்படக்காரர் ஜார்ஜ் மாசா படமெடுக்க, கெப்ஹார்ட் கட்டுரை எழுத, இருவரும் தேசியப் பூங்காவுக்காகப் போராடினார்கள். 1931 ஏப்ரல் 2-ம் தேதி கார் விபத்தில் கெப்ஹார்ட் இறந்தார். பூங்கா வந்தது 1934-ல். அங்கே ஒரு சிகரத்துக்கு அவர் பெயர்.

அவர் யாரிடம் கதை கேட்டாரோ, அந்த ஹேசல் கிரீக் மக்களின் ஊர்கள் இன்று இல்லை. 1940-களில் ஃபோன்டானா அணை எழுந்தபோது பள்ளத்தாக்கின் கீழ்ப்பகுதி நீரில் மூழ்கியது. மேலே இருந்தவர்களும் வெளியேற வேண்டியதாயிற்று. அந்த நிலம் பூங்காவோடு சேர்ந்துவிட்டது. கல்லறைகள் மட்டும் காட்டுக்குள் இருக்கின்றன. அவற்றுக்குப் பூ வைக்கப் பேரப்பிள்ளைகள் படகில் ஏரியைக் கடந்து வருகிறார்கள்.