நடிப்பல்ல, நரம்பு வலி

எங்கள் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய பெரியவர் ஒருவர் பக்கவாதத்தில் விழுந்தார். கை கால் ஓரளவு தேறிய நாலாம் மாதத்தில், "கை எரிகிறது, சட்டை பட்டாலே நெருப்பாய் இருக்கிறது" என்று புலம்பத் தொடங்கினார். காயமில்லை, வீக்கமில்லை. "நடிக்கிறார்" என்றார் மகன். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

வாசகர்களே, அது நடிப்பல்ல. உடலின் உணர்ச்சிகளை வாங்கி அனுப்பும் 'தலாமஸ்' என்ற மூளைப் பகுதியோ, அதன் நரம்புப் பாதையோ பழுதானால், கையில் ஒன்றுமில்லாமலே வலி தெரியும். 1906லேயே டெஜெரின், ரூசி என்னும் இரு மருத்துவர்கள் இதை விவரித்து எழுதினார்கள். பக்கவாதம் வந்து பல மாதங்கள் கழித்தும் இது தொடங்கலாம். குளிர்ந்த நீர் பட்டால் கூடலாம்.

நம் வீடுகளில் உடனே தைலம் போட்டு உருவுவோம், சுடுநீர் ஒத்தடம் கொடுப்போம். மரத்த கைக்குச் சூடு தெரியாது. தோல் வெந்து போகும். சாதாரண வலி மாத்திரையும் இதற்கு அதிகம் உதவாது. நரம்பு வலிக்கென அமிட்ரிப்டிலின், கபாபென்டின் போன்ற மருந்துகள் உண்டு. அவற்றை மருத்துவர்தான் கொடுக்க வேண்டும். வலி முழுவதும் போகாவிட்டாலும், தூங்குமளவுக்குக் குறையலாம்.

தோள்வலி வேறு. பலமிழந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள், மூட்டு நழுவும். உட்காரும்போது கைக்கடியில் தலையணை வையுங்கள்.

பெரியவரின் மருமகள், வலி எரிகிறதா, குத்துகிறதா, எந்த நேரத்தில் என்று பள்ளிக்கூட நோட்டில் எழுதி மருத்துவரிடம் காட்டினார். மருந்து மாறியது. இப்போது பெரியவர் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் உட்காருகிறார்.