தூளியில் உறங்குவோரும் குளிரும்

இரு மரங்களுக்கிடையே தூளி கட்டிக் காட்டில் உறங்க விரும்புவோர் அஞ்ச வேண்டியது முதுகின் கீழ் வீசும் காற்றையே. உடற்சூட்டை அது இரவெல்லாம் வாரிக்கொண்டு போகிறது.

இறகு நிறைத்த உறக்கப்பைக்குள் புகுந்துகொண்டால் போதாதா என்பீர்கள். போதாது. நம்மைக் காப்பது இறகன்று. இறகுகளுக்கிடையே சிறைப்பட்ட அசையாக் காற்று. உடற்பாரம் இறகை நசுக்கினால் அக்காற்று வெளியேறும். காப்பும் உடன் போகும். ஆதலால்தான் தூளிக்கு வெளியே, அடிப்புறத்தில், தனியாக ஒரு மெத்தையைத் தொங்கவிடுகிறார்கள். அதை இறுகக் கட்டினால் நசுங்கும். தளரக் கட்டினால் இடையே குளிர்காற்று புகும். துணியைத் தொட்டும் தொடாமலும் அது நிற்க வேண்டும்.

உதகையில் மே மாத இரவுக்கு, போர்வையோடு ஒரு நுரைப்பாய் பெரும்பாலும் போதும். பாரத்தால் அது எளிதில் நசுங்காது. ஆனால் புரளும்போது நழுவும், தோள்களையும் முழுதும் மூடாது. உறைபனி விழும் சனவரியிலோ தடித்த அடிமெத்தையே வேண்டும். வறண்ட குளிருக்கு வாத்திறகு மிக ஏற்றது, எடையும் குறைவு. நனைந்தால் மட்டும் கட்டி கட்டியாய் ஒட்டிக்கொண்டு பயனற்றுப் போகும். மழைக்காலத்தில், சுமை சற்றுக் கூடினும், செயற்கை இழை மெத்தையையே நான் எடுத்துச் செல்வேன்.