வீட்டுக்குள் ஒரு பந்தல்: மிளகாய்ச் செடியை வலையில் படுக்க வைப்பது ஏன்?

வெயில் வராத அடுக்குமாடி வீட்டில் எல்இடி விளக்கு போட்டு மிளகாய் வளர்ப்பவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில்தான் வந்து முட்டுவார்கள். செடி விளக்கை நோக்கி ஓடும். உச்சி இலை விளக்குக்குப் பக்கத்தில் போய் வெளுத்துவிடும், கீழ் இலைகள் மஞ்சளாகி உதிரும். விளக்கை உயர்த்தினால் உச்சி தப்பிக்கும், ஆனால் கீழே இன்னும் இருட்டாகும். இதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது. தொட்டிக்கு மேலே கிடைமட்டமாக ஒரு வலையைக் கட்டி, வளர்கிற கிளைகளை அதன் அடியில் மடக்கி மடக்கிப் பக்கவாட்டில் அனுப்புவது. எல்லா நுனிகளும் ஒரே உயரத்தில் நிற்கும்.

இதைப் பிரபலமாக்கியவர்கள் மேற்கு நாடுகளில் மூடிய அறைக்குள் கஞ்சா வளர்த்தவர்கள். 'ஸ்க்ரீன் ஆஃப் கிரீன்', சுருக்கமாக 'ஸ்க்ராக்' என்பார்கள். நம் நாட்டில் 1985-ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் இல்லாமல் அந்தச் செடியை வளர்ப்பது குற்றம், எனவே அந்தப் பக்கம் போகவேண்டாம். ஆனால் அவர்கள் தீர்த்த பிரச்சினை விளக்கின் கீழ் வளரும் எந்தச் செடிக்கும் பொதுவானது.

"நம்ம ஊர்ப் பந்தல்தானே இது?" என்று கேட்கலாம். பார்க்க அப்படித்தான் இருக்கும். ஆனால் புடலைக்கும் பாகலுக்கும் கம்பம் திராட்சைக்கும் பந்தல் போடுவது, கொடிக்குச் சொந்தக் காலில் நிற்கத் தெரியாது என்பதால். இங்கே செடிக்கு நிற்கத் தெரியும், நாம்தான் நிற்க விடுவதில்லை. காரணம் தூரம்.

சூரியன் ஏறத்தாழ 15 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. செடியின் உச்சிக்கும் அடிக்கும் உள்ள அரை மீட்டர் வித்தியாசம் அதற்கு ஒன்றுமே இல்லை. வெளியில் அடி இலைக்கு வெளிச்சம் குறைகிறது என்றால் அது மேல் இலை போடும் நிழலால். வீட்டு விளக்கு அப்படியல்ல. புள்ளி போன்ற ஒரு விளக்கில் தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒரு பங்காகிவிடும். உச்சி இலை 30 செ.மீ. தூரத்திலும் அடுத்த கிளை 45 செ.மீ. தூரத்திலும் இருந்தால், அந்தக் கிளைக்குக் கிடைப்பது உச்சிக்குக் கிடைப்பதில் 44 சதவீதம். 60 செ.மீ. என்றால் 25 சதவீதம். நிழல் இன்னும் கணக்கில் வரவே இல்லை! அகலமான பேனல் விளக்கில் சரிவு இவ்வளவு செங்குத்தாக இருக்காது, ஆனால் சரிவு உண்டு. செல்போனில் லக்ஸ் ஆப் போட்டு நீங்களே பார்க்கலாம். லக்ஸ் என்பது மனிதக் கண்ணுக்கான அளவு, செடிக்கானது அல்ல. ஆனால் ஒரே விளக்கின் கீழ் இரண்டு இடங்களை ஒப்பிட அது போதும்.

சரி, வலை வெளிச்சத்தைக் கூட்டுகிறதா? ஒரு துளி கூட இல்லை. விளக்கு தருவது அதேதான். பிறகு எப்படிக் காய் கூடும்? இலையின் ஒளிச்சேர்க்கை வெளிச்சத்தோடு நேர்கோட்டில் ஏறுவதில்லை. ஆரம்பத்தில் வேகமாக ஏறும், போகப்போகத் தட்டையாகிவிடும். உச்சி இலை அந்தத் தட்டையான பகுதியில் இருக்கும்போது, கூடுதலாக விழும் வெளிச்சம் பெரும்பாலும் வீண். அதே வெளிச்சம் அரைப்பட்டினியில் கிடக்கும் இலைக்குப் போனால் முழுசாகப் பயன்படும். என் தொழிலில் இதை லோட் பேலன்சிங் என்போம். ஒரு சர்வர் மூச்சு முட்டிக்கொண்டிருக்க, பக்கத்தில் நாலு சர்வர் சும்மா நிற்பது போன்ற நிலைமை. வலை செய்வது அந்த வேலையைப் பிரித்துக் கொடுப்பதுதான்.

செடியின் பக்கத்துக் கதை இதைவிட சுவாரசியம். நுனி இருக்கும்வரை பக்கமொட்டுகள் தூங்கும். நுனியைக் கிள்ளினால் விழிக்கும். துளசியைக் கிள்ளிவிட்டு வளர்த்த எல்லோருக்கும் இது தெரியும். 1933-இல் கலிபோர்னியாவில் கென்னத் திமனும் ஃபோல்கே ஸ்கூக்கும் ஒரு பயறுச் செடியின் நுனியை வெட்டி, வெட்டிய இடத்தில் ஆக்சின் கலந்த அகர் துண்டை வைத்தார்கள். நுனி இல்லை, ஆனாலும் மொட்டுகள் விழிக்கவில்லை. ஆகவே நுனியிலிருந்து இறங்கும் ஆக்சின்தான் மொட்டுகளை அடக்குகிறது என்று பாடப்புத்தகங்களில் ஏறியது. கேஸ் க்ளோஸ்டு.

ஆனால் ஆக்சின் மணிக்குச் சுமார் 1 செ.மீ. வேகத்தில்தான் நகரும். நுனியை வெட்டியதும் தூரத்து மொட்டுகள் அதற்கு முன்பே விழித்துக்கொள்கின்றன. 2014-இல் ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகக் குழு பட்டாணிச் செடியில் காட்டியது இது: முதல் தூண்டுதல் சர்க்கரை. நுனி என்பது பெருந்தீனிக்காரன். அது போனதும் மிச்சமாகும் சர்க்கரை மொட்டுகளுக்குப் பாய்கிறது. ஆக்சின் பிறகு வந்து சேர்கிறது. இதற்கு நடுவே 2008-இல் ஸ்ட்ரைகோலாக்டோன் என்ற இன்னொரு ஹார்மோனும் கிளைப்பதைத் தடுக்கிறது என்று தெரிந்தது. சோளத்தை உறிஞ்சும் சுடுமல்லிக் களையின் விதையை எழுப்பிவிடும் பொருளாகத்தான் இது முதலில் அறியப்பட்டது. வேர் விடும் ஒரே சமிக்ஞை களையை எழுப்புகிறது, மொட்டைத் தூங்க வைக்கிறது. எனக்கு இது பல நாள் ஆச்சரியமாகவே இருந்தது.

வலையில் நாம் நுனியை வெட்டுவதில்லையே, படுக்கத்தானே வைக்கிறோம்? அங்கே வெளிச்சத்தின் நிறமும் சேர்ந்துகொள்கிறது. இலை சிவப்பு ஒளியை விழுங்கி, தூரச் சிவப்பைப் பெரும்பாலும் கீழே விட்டுவிடும். அந்த நிழல் ஒளியில் இருக்கும் மொட்டு, மேலே யாரோ இருக்கிறார்கள் என்று புரிந்துகொண்டு அடங்கிக் கிடக்கும். கிளையைப் படுக்க வைத்தால் ஒவ்வொரு கணுவும் நேரடி வெளிச்சத்துக்கு வந்துவிடுகிறது.

படுத்த நுனி ஒன்றிரண்டு நாளில் மறுபடி தலை தூக்கும். ஆக்சின் அடிப்பக்கம் சேர்ந்து அந்தப் பக்கத்தை அதிகமாக நீளச் செய்வதால் நுனி மேல்நோக்கி வளையும். அதனால்தான் இது ஒருநாள் வேலை இல்லை. வலைக்கு மேல் நாலைந்து செ.மீ. எட்டிப் பார்க்கும் ஒவ்வொரு நுனியையும் பிடித்து, வெளி ஓரத்தை நோக்கி அடுத்த கட்டத்துக்குள் மடக்கவேண்டும்.

மிளகாயில் ஒரு வசதி உண்டு. அதன் தண்டு முதல் பூவோடு முடிந்து, அந்த இடத்திலேயே கவட்டையாகப் பிரியும், பிறகு திரும்பத் திரும்பப் பிரியும். பாதி வேலையை அதுவே செய்துவிடுகிறது. ஆனால் அந்தக் கவட்டைதான் பலவீனமான இடம். கிளையைக் கவட்டையில் பிடித்து வளைக்காதீர்கள், நுனிப் பக்கத்துப் பச்சைத் தண்டை வளையுங்கள். தண்ணீர் ஊற்றிய உடனே தண்டு விறைப்பாக இருக்கும், சட்டென்று ஒடியும். லேசாகக் காய்ந்திருக்கும் நேரம் நல்லது.

வலை என்று கடையில் தேட வேண்டியதில்லை. பிவிசி பைப்பில் சட்டம் போட்டு, 7 அல்லது 8 செ.மீ. கட்டங்களாகப் பருத்திக் கயிறு கட்டினால் போதும். மெல்லிய நைலான் தண்டை அறுக்கும். தொட்டி விளிம்பிலிருந்து ஒரு சாண் உயரம் சரியாக இருக்கிறது. ஊட்டிப் பக்கம் கார்னேஷன் பண்ணைகளிலும் கிடைமட்ட வலை பார்த்திருப்பீர்கள். அது நேர் எதிர் வேலை: பக்கமொட்டைக் கிள்ளிவிட்டு, ஒற்றைத் தண்டு சாயாமல் நிமிர்ந்து நிற்க உதவும் வலை அது. அந்தப் படத்தைப் பார்த்து இதைக் கட்டாதீர்கள்.

என் கணக்கில் ஒரே ஒரு தொட்டிக்கு இது தேவையில்லை, கயிறு போட்டு நாலு கிளையை இழுத்துக் கட்டினால் ஆச்சு. ஒரு விளக்கின் கீழ் மூன்று நாலு செடி என்றால் வலை லாபம். ஒரு விலையும் உண்டு: செடி வலையோடு பின்னிக்கொண்ட பிறகு தொட்டியை வெளியே எடுக்க முடியாது. அசுவினி, சிலந்திப்பேன் வந்தால் இலையின் அடிப்பக்கத்தைப் பார்க்கக் குனிந்து டார்ச் அடிக்கவேண்டும். அதனால் வலைக்குக் கீழே வெளிச்சம் படாத சின்னக் கிளைகளை முன்கூட்டியே கழித்துவிட்டு, ஒரு சின்ன மேசை விசிறியைக் கீழ்ப்பக்கமாக ஓட விடுங்கள். காற்றே இல்லாத அறையில் பூ அசைந்து மகரந்தம் உதிர்வதற்கும் அந்த விசிறி உதவும்.