மணி அடிக்கும் ஒரு நிமிடம்: அயர்லாந்தின் அன்றாடமும் அதிகாரமும்

அயர்லாந்து அரசுத் தொலைக்காட்சியான ஆர்.டி.ஈ.யில் மாலைச் செய்தி ஆறு மணிக்குத் தொடங்குவதில்லை. ஆறு மணி ஒரு நிமிடத்துக்குத்தான் தொடங்குகிறது. செய்தியறிக்கையின் பெயரே 'ஆறு-ஒன்று'. இடையில் அந்த ஒரு நிமிஷம் எங்கே போச்சு? மணியோசைக்குப் போயிற்று. மும்மூன்றாக மூன்று முறை, பிறகு ஒன்பது, ஆகப் பதினெட்டு அடி. நம்மூர்க் கத்தோலிக்கர்கள் மூவேளைச் செபம் என்று சொல்கிறார்களே, அதற்கான அழைப்பு. ஒரு நவீன அரசின் ஒலிபரப்பு நிறுவனம் ஒவ்வொரு நாளும் இதைச் செய்கிறது. அயர்லாந்தின் பண்பாடு என்றதும் மதுக்கடை, பிடில் இசை, பச்சைப் புல்வெளி என்று சுற்றுலாப் பிரசுரங்களின் வழியே போவதைவிட, இந்த ஒரு நிமிடத்தின் வழியே போனால் கூடுதலாகப் புலப்படும் என்று தோன்றுகிறது.

இந்த வழக்கம் தொன்றுதொட்டு வருவதல்ல. வானொலியில் இது தொடங்கியது 1950 ஆகஸ்ட் 15, மரியாளின் விண்ணேற்புத் திருநாளன்று. வானொலி அப்போது அஞ்சல் தந்தித் துறையின் கையில் இருந்தது. 1961 டிசம்பர் 31இல் தொலைக்காட்சி வந்த பிறகு மணி அங்கேயும் ஏறிக்கொண்டது. அதாவது 'மரபு' என்று நாம் நினைப்பது மின்காந்த அலைகளின் வயதைத் தாண்டாதது. 1937ஆம் ஆண்டு அரசியல் சட்டம் கத்தோலிக்கத் திருச்சபைக்குத் 'தனிச் சிறப்பிடம்' தந்திருந்தது. 1972 வாக்கெடுப்பில்தான் அந்த வாசகம் நீங்கியது. சட்டத்தில் எழுதியது காகிதத்தில் இருக்கும். மணியில் எழுதியது சமையலறைக்குள் வரும். வித்தியாசம் அதுதான்.

கருத்துநிலை தலைக்குள் மட்டும் இருக்கிற சமாச்சாரம் அல்ல, செயல்களில், சடங்குகளில், உடம்பின் அசைவுகளில் இருக்கிறது என்று அல்தூசர் 1970இல் வாதிட்டார். முதலில் மண்டியிடு, நம்பிக்கை பின்னால் வரும் என்ற பாஸ்கலின் கருத்தை அங்கே அவர் துணைக்கு அழைத்தார். தேசம் என்பதே ஒரு கற்பிதச் சமூகம் என்று 1983இல் எழுதிய பெனடிக்ட் ஆண்டர்சன், காலைப் பிரார்த்தனையின் இடத்தை நவீன மனிதனுக்குச் செய்தித்தாள் நிரப்புகிறது என்ற ஹெகலின் கருத்தை எடுத்துக்காட்டினார். அயர்லாந்தில் ஒன்று மற்றதை அகற்றவில்லை. முதலில் செபம், அடுத்த நிமிடம் செய்தி. இரண்டும் ஒரே பெட்டியிலிருந்து, ஒரே நேரத்தில், எல்லா வீட்டுக்கும். முகம் தெரியாத லட்சம் பேர் இதே நேரத்தில் இதைக் கேட்கிறார்கள் என்ற உணர்வு தேசத்தையும் திருச்சபையையும் ஒன்றாக முடிச்சுப்போட்டது.

சரி, முடிச்சு அவிழ்ந்துவிட்டதே, இன்னும் ஏன் பழைய கதை என்று கேட்கலாம். அவிழ்ந்த கதையை எண்களால் சொல்வது எளிது. மணவிலக்கு 1986இல் தோற்றது. 1995இல் ஒன்பதாயிரத்துச் சொச்சம் வாக்குகளில் தப்பிப் பிழைத்து வென்றது. ஒருபாலினத் திருமணத்தை 2015 மே மாதம் 62 சதவீதம் பேர் ஏற்றார்கள். மக்கள் வாக்கெடுப்பின் வழியே இதை ஏற்ற முதல் நாடு இதுவே. கருக்கலைப்புக்கு எதிரான எட்டாவது திருத்தத்தை 1983இல் 66.9 சதவீதம் பேர் அரசியல் சட்டத்தில் ஏற்றினார்கள், 2018இல் 66.4 சதவீதம் பேர் இறக்கினார்கள். 1927 முதல் புனித வெள்ளியன்று சாத்தியே கிடந்த மதுக்கடைகள் 2018இல் திறந்தன. தம்மைக் கத்தோலிக்கர் என்று பதிந்துகொண்டோர் 2022 கணக்கெடுப்பில் 69 சதவீதம். 1961இல் ஏறத்தாழ 95. இலவச இடைநிலைக் கல்வி, 1973இல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்ந்தது, தொலைக்காட்சி, 1990களில் வெளிவந்த பாதிரிமார்களின் பாலியல் குற்றங்கள் என்று காரணங்களையும் அடுக்கிவிடலாம்.

ஆனால் இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு என்னும் இந்தப் பெருங்கதையாடல் இரண்டு இடங்களில் இடறுகிறது. ஒன்று, பள்ளிக்கூடம். தொடக்கப் பள்ளிகளில் பத்தில் ஏறத்தாழ ஒன்பது இன்னமும் கத்தோலிக்க ஆதரவாண்மையின் கீழ்தான் இருக்கின்றன. ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைக்கே முன்னுரிமை என்ற சேர்க்கை விதியைக் கத்தோலிக்கப் பள்ளிகளிலிருந்து நீக்க 2018 வரை ஆயிற்று. நம்பிக்கை கரைந்த பிறகும் நிறுவனம் கரைவதில்லை. இரண்டு, 2024 மார்ச் 8. பெண்ணின் 'வீட்டுக்குள்ளான வாழ்வு' பற்றிப் பேசும் 1937இன் பிரிவை மாற்ற அரசு வாக்கெடுப்பு வைத்தது. 73.9 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். எல்லாரும் பழமைவாதிகள் ஆகிப்போனார்களா? அப்படிச் சொல்ல முடியாது. பராமரிப்பின் சுமையைப் புதிய வாசகம் மறுபடி குடும்பத்தின் தலையிலேயே கட்டுகிறது என்று எதிர்த்தவர்களில் ஊனமுற்றோர் உரிமைக் குரல்களும் இருந்தன. நேர்கோட்டில் நடந்துபோகும் வரலாறு புத்தகத்தில்தான் உண்டு.

மேலிருந்து வந்த மணியை மக்கள் வாய்பொத்திக் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்பதும் சரியல்ல. கருத்தடைச் சாதனங்களின் விற்பனை தடைசெய்யப்பட்டிருந்த 1971இல், டப்ளினிலிருந்து பெண்கள் இயக்கத்தினர் ரயிலேறி பெல்ஃபாஸ்ட் போனார்கள். வாங்கியவற்றைச் சுங்க அதிகாரிகள் முன் தூக்கிக் காட்டியபடி திரும்பினார்கள். கருத்தடை மாத்திரைக்கு மருத்துவர் சீட்டு வேண்டும் என்று தெரிந்ததும் ஆஸ்பிரின் வாங்கி வந்தார்கள். சுங்கக்காரனுக்கு எது எதுவென்று எங்கே தெரியப்போகுது? பலவீனரின் தந்திரோபாயம் என்று மிஷேல் டெ செர்த்தோ சொல்வதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

மறுபடி மணிக்கு வருவோம். முன்பெல்லாம் மணியோடு திரையில் மாதா ஓவியம் வரும். 2009இல் அது மாறியது. வேலையை ஒரு கணம் நிறுத்தி, எங்கோ பார்த்தபடி இருக்கும் சாதாரண மனிதர்கள் வந்தார்கள். செபிக்கிறார்களா, சும்மா யோசிக்கிறார்களா, சொல்ல முடியாது. குறிப்பான் அப்படியே இருக்க, குறிப்பீடு வெளியேறிவிட்டது. நிறுத்திவிடலாம் என்ற குரல் பல முறை எழுந்தும் மணி நிற்கவில்லை. நாளின் இரைச்சலில் ஒரு நிமிட மௌனம் நல்லதுதானே என்பவர்களும் இன்று அதை ஆதரிக்கிறார்கள். இந்த வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. சந்தை விழுங்கிய பொழுதில் விளம்பரமில்லாத ஒரு நிமிஷம் சாதாரணமா?

ஆனாலும் கேட்க வேண்டியிருக்கிறது: அது யாருடைய மௌனம்? 1922 முதல் 1996 வரை மக்தலேன் சலவைக்கூடங்களில் ஏறத்தாழ பத்தாயிரம் பெண்கள் இருந்ததாக 2013இல் அரசு அறிக்கை பதிவுசெய்தது. கன்னியர் மடங்கள் நடத்தியவை. அரசும் ஆள் அனுப்பியது, சலவைக்குத் துணியும் அனுப்பியது. கூலி கிடையாது. ஊர் நடுவிலேயே இருந்த கட்டடங்கள் அவை. ஓட்டல் விரிப்புகளும் ஆஸ்பத்திரித் துணிகளும் அங்கே வெளுத்து வந்தன. வெள்ளைத் துணி மேல் படுத்த ஊர், வெளுத்த கை எது என்று கேட்கவில்லை. 1993இல் டப்ளினில் ஒரு மடத்து நிலம் விற்கப்பட்டபோது, சலவைக்கூடத்துப் பெண்களின் 155 உடல்கள் தோண்டியெடுக்கப்பட்டன. மாலை ஆறு மணி அந்தச் சுவர்களுக்குள்ளும் அடித்திருக்கும். அன்றாடம் என்பது எதிர்ப்பின் களம் மட்டுமல்ல, கண்ணை மூடிக்கொள்ளும் பயிற்சியும்கூட.

இந்த மௌனத்தின் விலையை வந்தேறியவர்களும் கொடுத்தார்கள். கர்நாடகத்திலிருந்து போன பல் மருத்துவர் சவிதா ஹலப்பனவர், 2012 அக்டோபரில், கால்வே நகர மருத்துவமனையில் கருச்சிதைவின்போது நச்சுத்தொற்றால் இறந்தார். அவருக்கு வயது 31. அவர் கேட்ட கருக்கலைப்பு மறுக்கப்பட்டது. இது கத்தோலிக்க நாடு என்று அவரிடம் சொன்னதை ஒரு செவிலியர் விசாரணையில் ஒப்புக்கொண்டார். அந்தச் செவிலியர் கெட்டவர் என்பதல்ல விஷயம். ஆறுதலாகச் சொல்ல முயன்ற வார்த்தையாகவேகூட அது இருந்திருக்கலாம். அதிகாரம் அப்படித்தான் பேசும், தன் குரலில் அல்ல, பக்கத்தில் நிற்பவரின் கனிந்த குரலில். 2018இல் அவர் முகம் டப்ளின் சுவரோவியமானது. மக்கள் அதன்மேல் சிறு சீட்டுகளில் மன்னிப்புக் கேட்டு எழுதி ஒட்டினார்கள். ஒருவகையில் அதுவும் செபம்தான். மேலே பார்த்துச் செய்யாத செபம்.

மணியை நிறுத்தணுமா வேண்டாமா என்பதை அந்த ஊர்க்காரர்கள் முடிவுசெய்வார்கள். நமக்குக் கிடைப்பது ஒரு பாடம்: பழையதைப் புதியது தூக்கியெறிவதில்லை, அதற்குள் குடியேறுகிறது. குடியேறும்போது முன்பு அங்கே அடைபட்டிருந்தவர் யார் என்று விசாரிக்காமல் போனால், புதிய மௌனமும் பழைய மௌனத்தின் வேலையையே செய்யும்.