மூளைக்கு வலிக்காது!

ஆபரேஷன் மேஜையில் கிதார் வாசித்தார் ஒரு வாலிபர். நடந்தது பெங்களூரில், 2017-ம் ஆண்டு ஜூலை மாதத்தில்.

கிதாரை எடுத்தால் அவரது விரல்கள் இறுகி மடங்கிக்கொள்ளும். கோளாறு விரலில் அல்ல, மூளையில் என்று டாக்டர்கள் கண்டுபிடித்தனர். அவரை மயக்கத்தில் ஆழ்த்தாமல், தலைத்தோலை மட்டும் மரத்துப்போகச் செய்தனர். மண்டை ஓட்டில் துளையிட்டு, மெல்லிய கருவியை உள்ளே செலுத்தினர். கிதாரை வாசிக்கச் சொல்லி, சரியான இடத்தை அறிந்து அங்கே சூடு வைத்தனர். மடங்கிய விரல்கள் விடுபட்டன.

மூளையில் சூடு வைத்தால் வலிக்காதா? வலிக்காது! உடம்பின் வலியை எல்லாம் உணர்வது மூளைதான். ஆனால் வலியை அறியும் நரம்பு நுனிகள் மூளைக்குள் கிடையாது. தலைவலி கூட மூளையின் வலி அல்ல. சுற்றியுள்ள உறை, ரத்தக் குழாய், தசை ஆகியவற்றின் வலிதான்.

தந்தியும் தபாலும்

சூடான தோசைக்கல்லில் விரல் படுகிறது. தோலில் உள்ள நரம்பு நுனிகள் உடனே முதுகுத்தண்டுக்குச் செய்தி அனுப்புகின்றன. மூளைக்குத் தெரியும் முன்பே முதுகுத்தண்டின் உத்தரவில் கை விலகிவிடுகிறது.

அப்புறம்தான் 'சுரீர்' என்கிறது. இது தந்தி. வினாடிக்கு 5 முதல் 30 மீட்டர் வேகத்தில் செல்லும் நரம்புகள் கொண்டுவருவது. பின்னால் வரும் எரிச்சல் சாதாரணத் தபால். அதன் வேகம் வினாடிக்கு 2 மீட்டருக்கும் குறைவு.

அடிபட்ட குழந்தையின் காலை அம்மா தேய்த்துவிட்டால் வலி குறைகிறதே, ஏன்? தொடு உணர்ச்சி முதுகுத்தண்டில் வலியின் வழியை அடைக்கிறது என்று 1965-ல் மெல்சாக், வால் என்ற இரு விஞ்ஞானிகள் விளக்கம் தந்தனர்.

வலி ஒரு காவல்காரன்

வலியே இல்லாவிட்டால் நிம்மதி என்று நினைக்க வேண்டாம். நெடுநாள் சர்க்கரை நோயாளிகள் பலருக்குப் பாத நரம்புகள் கெட்டு, கால் மரத்துவிடுகிறது. முள் குத்தினாலும் தெரியாது. செருப்பு கடித்தாலும் தெரியாது. வலிக்காத புண்ணை யார் கவனிப்பார்கள்? அது முற்றி, காலையே எடுக்க வேண்டிய நிலை வந்துவிடும்.

ஆகவே சர்க்கரை நோயாளிகள் தினமும் இரவில் உள்ளங்காலையும் விரல் இடுக்குகளையும் பார்க்க வேண்டும். குனிய முடியாதவர்கள் கண்ணாடியைக் கீழே வைத்துப் பார்க்கலாம். வீட்டில் உள்ளவர்களைப் பார்க்கச் சொல்லலாம். சிறு புண் தெரிந்தாலும் டாக்டரிடம் காட்டிவிட வேண்டும். நரம்பு செய்யத் தவறிய காவலைக் கண்தான் செய்தாக வேண்டும்.