சூதாட்ட நோய்: தவ்பாவும் வேண்டும், மருந்தும் வேண்டும்



புகழனைத்தும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நபி முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாவதாக!

ஒரு தாய் கண்ணீருடன் கேட்டார்: "ஹஜ்ரத், என் மகன் இனி சூதாட மாட்டேன் என்று மூன்று முறை சத்தியம் செய்தான், மூன்று முறையும் முறித்தான். அவனுக்கு ஈமானே இல்லையா?"

ஈமான் இல்லை என்று தீர்ப்புச் சொல்ல நாம் யார்? மதுவையும் சூதாட்டத்தையும் திருக்குர்ஆன் (5:90) ஒரே வசனத்தில் இணைத்து, ஷைத்தானின் அசுத்தச் செயல்கள் என விலக்குகிறது. இவ்விரண்டுக்கும் உள்ள உறவை மருத்துவ உலகம் தாமதமாகவே ஏற்றது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 1980-இல் சூதாட்ட மோகத்தை நோயாகப் பதிவு செய்தது. 2013-இல்தான் அதை மது முதலிய போதை நோய்களுடன் சேர்த்தது.

குடிகாரனைப் போலவே சூதாடியின் மூளையும் வெற்றியை எதிர்பார்க்கும் கணத்தில் கிளர்ச்சியடைகிறது. தோற்றவன், இழந்ததை மீட்க மீண்டும் ஆடுகிறான். சத்தியம் முறிவது இவ்விடத்தில்தான்.

இவ்வேட்கையைத் தணிக்க மருத்துவர்கள் சிலருக்கு நால்ட்ரெக்ஸோன் என்னும் மாத்திரையைத் தருகின்றனர். குடிநோய்க்கு இதனை அமெரிக்கா 1994-இல் அங்கீகரித்தது. மூளையில் இன்ப உணர்வைத் தூண்டும் சில வாயில்களை இது அடைக்கிறது. இது போதை தருவதன்று. 2001-இல் வெளியான மின்னசோட்டா பல்கலைக்கழக ஆய்வில், இதனை உண்டவர்களுக்குச் சூதாட்ட வேட்கை குறைந்தது. எனினும் பிந்தைய ஆய்வுகள் யாவும் இதே பலனைக் காட்டவில்லை. சூதாட்ட நோய்க்கென்றே அமெரிக்கா அங்கீகரித்த மருந்தும் இல்லை. எனவே மனநல ஆலோசனையுடன் சேர்த்தே இதனைக் கொள்ள வேண்டும்.

எச்சரிக்கை தேவை. கல்லீரலைப் பரிசோதிக்காமல் இதனை உண்ணலாகாது. அபின் வகை வலி நிவாரணிகளை உட்கொள்வோருக்கு இது ஆபத்து. இன்னொன்றையும் அறியுங்கள்: நடுக்கவாத நோய்க்கான பிரமிபெக்ஸோல் போன்ற மருந்துகளால் சிலருக்குப் புதிதாகச் சூதாட்ட வெறி தோன்றுவதுண்டு. முதியவர் ஒருவர் திடீரெனச் சூதாடத் தொடங்கினால், ஏசுவதற்கு முன் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

அல்லாஹ் எந்த நோயையும் அதற்குரிய நிவாரணியின்றி இறக்கவில்லை என நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள் (புகாரி). ஆகவே மருத்துவம் செய்வது தவக்குலுக்கு முரணன்று. அதே வேளை, நோய் என்பது பாவத்திற்கு அனுமதியுமன்று. சிகிச்சை இருந்தும் அதனைத் தேடாதவன் தன் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது.

அந்தத் தாய்க்கும், அவரைப் போன்றோருக்கும் கூறுவது இதுவே: மகனை மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். பணத்தையும் நகையையும் அவன் கைக்கு எட்டாமல் வையுங்கள். அவன் கடனை இரகசியமாக அடைக்காதீர்கள். அது அடுத்த ஆட்டத்திற்கு வழி திறக்கும். முறித்த சத்தியத்திற்குப் பரிகாரம் 5:89-இல் உள்ளது. அதனை அவனே நிறைவேற்றட்டும். "வா, சூதாடுவோம்" என்று நாவால் அழைத்தவர்கூடத் தர்மம் செய்யட்டும் என நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள் (புகாரி, முஸ்லிம்). அவனைத் தொழுகை வரிசையிலிருந்து விரட்டாதீர்கள்.

யா அல்லாஹ்! இந்நோயில் சிக்கியோருக்குப் பூரண ஷிஃபாவையும் தூய தவ்பாவையும் அருள்வாயாக! ஆமீன்.